கேம்பஸ் க்ளினிக்: ரிப்போர்ட்ல ‘ஜெயன்ட்’னு போட்டிருக்கா?

சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டி ஹாஸ்டலா இருக்கட்டும், சி.முட்லூர் ஆர்ட்ஸ் காலேஜா இருக்கட்டும், கடலூர் தேவனாம்பட்டினம் பெரியார் காலேஜா இருக்கட்டும்... நம்மள்ல நிறையப் பேர் வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நாமதான். அதனால பாடத்தோட சேர்த்து இன்னொரு டியூட்டியும் நம்ம தலையில விழுது. வீட்டுக்கு வர்ற இங்கிலீஷ் பேப்பரை எல்லாம் படிச்சு அர்த்தம் சொல்றது. பேங்க் நோட்டீஸ், பத்திரம், கடைசியில ஒருநாள் ஸ்கேன் ரிப்போர்ட்.

இப்படி வெச்சுக்குவோம். அம்மாவுக்கு ஒரு மாசமா ஒரு கண் இமை லேசா இறங்கியிருக்கு. எதிர்ல வர்ற பஸ் ரெண்டா தெரியுது. கண் டாக்டர் பார்த்துட்டு, “மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க”ங்கிறார். ரிப்போர்ட் வருது. அதுல நடுவுல ரெண்டே வார்த்தை: ‘ஜெயன்ட் அனியூரிசம்’. அளவு 27 மில்லிமீட்டர். அப்பா உங்க முகத்தையே பார்த்துட்டு நிக்கிறார். “என்னப்பா போட்டிருக்கு?”

நெட்ல தட்டினா வெடிக்கும், பக்கவாதம், சாவுன்னு வரிசையா வரும். அதைப் படிச்சுட்டு அப்பாகிட்ட என்ன சொல்றது? இந்த வாரம் அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல, அது என்ன?

பழைய சைக்கிள் டயர்ல ஒரு இடம் தேஞ்சு போயிருந்தா, அங்கே டியூப் வெளியே பிதுங்கி குமிழ் மாதிரி நிக்கும் பார்த்திருக்கீங்களா? ரத்தக்குழாயோட சுவர்ல ஒரு இடம் பலவீனமா இருந்தா, ரத்தத்தோட அழுத்தத்துல அதுவும் அப்படித்தான் பிதுங்கும். அதுக்குப் பேர்தான் அனியூரிசம்.

ரொம்ப அபூர்வமான சமாச்சாரம்னு நினைக்காதீங்க. பெரியவங்கள்ல நூத்துக்கு சுமார் 3 பேர் தலையில இது இருக்கும். பெரும்பாலும் சின்னது. கடைசி வரைக்கும் அது இருக்கிறதே தெரியாம வாழ்ந்துட்டுப் போறவங்கதான் அதிகம்.

25 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருந்தா ‘ஜெயன்ட்’, அதாவது ராட்சச சைஸ். மொத்த அனியூரிசத்துல சுமார் 5 சதவீதம்தான் இந்த ரகம். 25 மில்லிமீட்டர்னா எவ்வளவு? நம்ம பண்ருட்டிப் பக்கம் ஓட்டோட காய வெச்சிருக்கிற முந்திரிக்கொட்டையை நினைச்சுக்கோங்க. கிட்டத்தட்ட அந்த சைஸ். அது முளைக்கிற குழாயோட அகலமே 4, 5 மில்லிமீட்டர்தான். வலி புரியுதா?

சின்னது சத்தமே போடாது. ராட்சசன் பக்கத்துல இருக்கிற நரம்பை எல்லாம் அழுத்துவான். அதனாலதான் இமை இறங்குது, ரெண்டு ரெண்டா தெரியுது, பார்வை மங்குது. சிலருக்கு முகத்துல வலி, சிலருக்கு வலிப்பு. உள்ளே உறைஞ்ச ரத்தத்துல ஒரு துணுக்கு கிளம்பிப் போய் வேற குழாயை அடைச்சு பக்கவாதமும் வரலாம். இது ஒரு வகையில நல்லதுக்குத்தான். வெடிக்கிறதுக்கு முன்னாடியே ஆளைக் காட்டிக் கொடுத்துடுது.

அந்த 40 சதவீதம்

நெட்ல தேடின எல்லாருக்கும் கண்ணுல படுற எண் இது. எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவுல பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, வெடிக்காத அனியூரிசம் இருக்கிற 4,060 பேரைப் பின்தொடர்ந்தாங்க. 2003-ல ‘லான்செட்’ இதழ்ல முடிவு வந்துச்சு. அதுல ஆபரேஷன் பண்ணாம கவனிச்சுட்டு மட்டும் இருந்தவங்க 1,692 பேர். மூளையோட முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய்கள்ல 25 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருந்தா, 5 வருஷத்துல வெடிக்கிற வாய்ப்பு 40 சதவீதம். அதுதான் அந்த எண்.

ஆனா அதே அட்டவணையில பக்கத்துலயே இன்னும் ரெண்டு எண் இருக்கு. அதை யாரும் சொல்றதில்லை.

அதே ராட்சச சைஸ், மூளையோட பின்பக்கக் குழாய்கள்லயோ, ‘பின் இணைப்புக் குழாய்’னு சொல்ற இடத்துலயோ இருந்தா 50 சதவீதம்.

அதே ராட்சச சைஸ், கண்ணுக்குப் பின்னாடி ‘கேவர்னஸ்’னு ஒரு பகுதி இருக்கு, அங்கே இருந்தா 6.4 சதவீதம்.

ஒரே சைஸ், மூணு இடம், மூணு எண். கெடிலம் ஆத்துல வெள்ளம் வருதுன்னா கரையோரத் தெருவுக்கும் மேட்டுத் தெருவுக்கும் ஒரே பாதிப்பா? அந்த மாதிரிதான். கேவர்னஸ் பகுதி மூளையைச் சுத்தியிருக்கிற உறைக்கு வெளியே இருக்கு. அங்கே வெடிச்சா மூளை மேல ரத்தம் பரவுறது அபூர்வம்.

அதனால ரிப்போர்ட்ல ‘ஜெயன்ட்’னு பார்த்ததும் மனசுல எழ வேண்டிய முதல் கேள்வி, ‘எவ்வளவு நாள்?’ இல்லை. ‘எந்த இடம்?’

இன்னொண்ணு. 40 சதவீதம்னா நூறு பேர்ல 40 பேருக்கு 5 வருஷத்துல வெடிச்சுது, 60 பேருக்கு வெடிக்கலை. இது சிகிச்சை எடுக்காதவங்க கணக்கு. அந்த ஆய்வுல ராட்சச சைஸ்காரங்க எண்ணிக்கை குறைவு, நம்ம நாட்டு ஆளுங்க அதுல இல்லை. அதனால அது ஒரு அளவுகோல்தான், ஜாதகம் இல்லை. அதுக்காக அலட்சியமும் வேணாம். வெடிச்சா கதை வேற. மூணுல ஒருத்தர் பிழைக்கிறதில்லை. பிழைச்சவங்கள்லயும் பலருக்கு ஏதாவது ஒரு குறை தங்கிடுது. ‘ஒண்ணும் ஆகாது, பார்த்துக்கலாம்’னு ராட்சச அனியூரிசத்தை வருஷக்கணக்கா தள்ளிப் போடுறது மாதிரி ஆபத்தான முடிவு இல்லை.

என்ன பண்ணுவாங்க?

நம்ம தாத்தா காலத்துல இதுக்கு வழியே இல்லை. தலைக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயை எக்ஸ்ரேயில பார்க்கிற வித்தையையே 1927-லதான் லிஸ்பன்ல ஈகாஸ் மோனிஸ் கண்டுபிடிச்சார். 1937-ல அமெரிக்காவுல வால்டர் டான்டி முதல்முறையா அனியூரிசத்தோட கழுத்துல ஒரு குட்டி கிளிப்பை மாட்டினார். இந்தியாவுல நரம்பு அறுவைச் சிகிச்சைக்குன்னு முதல் துறை ஆரம்பிச்சதே நம்ம வேலூர் சி.எம்.சி.லதான். 1949-ல, டாக்டர் ஜேக்கப் சாண்டி. அடுத்த வருஷமே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில டாக்டர் பி.ராமமூர்த்தி ஆரம்பிச்சார். ஆக, இந்த விஷயத்துல தமிழ்நாடு பின்தங்கின ஊர் இல்லை.

இப்போ இருக்கிற வழிகள் நாலு.

கிளிப்: மண்டை ஓட்டைத் திறந்து, மைக்ராஸ்கோப் வழியா பார்த்து, குமிழோட கழுத்துல டைட்டானியம் கிளிப். சின்னதுக்கு இது ஒரே கிளிப்ல முடியலாம். ராட்சசனுக்கு அப்படி இல்லை. கழுத்து அகலமா இருக்கும், உள்ளே உறைஞ்ச ரத்தம் கெட்டியா இருக்கும், அதோட சுவர்லயே முக்கியமான கிளைகள் கிளம்பும். சில நிமிஷம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பையைத் திறந்து சுத்தம் பண்ணி, பல கிளிப்களை அடுக்கி குழாயையே புதுசா கட்ட வேண்டி வரும். அனுபவம் உள்ள கை வேணும்.

பைபாஸ்: கிளிப் போட வழியில்லைன்னா அந்தக் குழாயையே மூடிட்டு, ரத்தத்துக்கு வேற ரூட் போடுறது. இதயத்துல பண்ற மாதிரியேதான். ரோட்டை அடைக்கிறதுக்கு முன்னாடி பைபாஸ் ரோடு போடுவாங்கல்ல? 1967-ல ஸூரிக்ல காஸி யாசர்கில் மூளைக்குள்ள இதை முதல்ல செஞ்சு காட்டினார்.

காயில்: தொடையில இருந்தோ கையில இருந்தோ மெல்லிசான டியூபை ரத்தக்குழாய் வழியாவே மூளை வரைக்கும் கொண்டு போய், குமிழுக்குள்ள பிளாட்டினம் கம்பிச் சுருளை நிரப்புறது. 1990-ல கலிஃபோர்னியாவுல குலியெல்மி ஆரம்பிச்சது. தலையைத் திறக்க வேணாம். ஆனா ராட்சச சைஸுக்கு காயில் மட்டும் போட்டா கொஞ்ச நாள்ல சுருள் அமுங்கி, மறுபடி ரத்தம் உள்ளே போற வாய்ப்பு அதிகம்.

ஃப்ளோ டைவர்ட்டர்: ராட்சசன் கதையை மாத்தினது இதுதான். குமிழைத் தொடவே மாட்டாங்க. அது முளைச்சிருக்கிற குழாய்க்குள்ள நெருக்கமா பின்னின ஒரு வலைக் குழாயை வைப்பாங்க. ரத்தம் நேரா அதுக்குள்ளயே ஓடிடும். குமிழுக்குள்ள தேங்கின ரத்தம் மெல்ல உறைஞ்சு, மாசக்கணக்குல குமிழ் மூடிக்கும். பல பேருக்கு சுருங்கியும் போகும். 2011-ல அமெரிக்க அரசு இதுக்கு அனுமதி கொடுத்துச்சு. அதுக்கு ஆதாரமா இருந்த ஆய்வுல, பெரிய மற்றும் ராட்சச அனியூரிசம் உள்ள 108 பேர். ஆறு மாசத்துல நூத்துக்கு சுமார் 74 பேருக்கு முழுசா மூடிடுச்சு. ஒரு வருஷத்துல 87. அஞ்சு வருஷத்துல திரும்பி வந்து பார்த்தவங்கள்ல 95 சதவீதம். ஆறு மாசத்துக்குள்ள பெரிய பக்கவாதமோ மரணமோ ஏற்பட்டது 5.6 சதவீதம்.

அந்தக் கடைசி எண்ணையும் சேர்த்துப் படிங்க. ஆபத்தே இல்லாத வழி இந்த நாலுல எதுவும் இல்லை. டாக்டருங்க பண்றது ஒரு தராசு வேலை. ஒரு தட்டுல, சும்மா விட்டா வர்ற ஆபத்து. இன்னொரு தட்டுல, கை வெச்சா வர்ற ஆபத்து. வயசு, இடம், அளவு, பி.பி., சுகர் எல்லாம் சேர்ந்துதான் தராசு சாயும். கேவர்னஸ் பகுதியில, எந்தத் தொந்தரவும் இல்லாம, 75 வயசு பாட்டிக்கு இருந்தா, “கவனிச்சுட்டு இருக்கலாம்”னு டாக்டர் சொல்றது சரியான முடிவா இருக்கலாம். பார்வை மங்கிட்டு வர்ற 45 வயசு அம்மாவுக்கு அதே பதில் பொருந்தாது.

நம்ம மாவட்டத்துல இருந்து எங்கே போறது?

சிதம்பரத்துல பழைய ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ் இப்போ அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. கடலூர் மஞ்சக்குப்பத்துல மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி. அவசரத்துக்கும் முதல் பரிசோதனைக்கும் இவங்கதான் வாசல். ஆனா ராட்சச அனியூரிசம் சிகிச்சைக்கு, இந்த மாதிரி கேஸை அடிக்கடி பார்க்கிற, கிளிப்பும் தெரிஞ்ச, டியூப் வழி சிகிச்சையும் தெரிஞ்ச டீம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற இடம் நல்லது. அதிகமா செய்ற இடத்துல முடிவும் நல்லா இருக்குங்கிறது உலகம் பூரா பார்த்த உண்மை. கடலூர்ல இருந்து புதுச்சேரி ஜிப்மர் ஒரு மணி நேரத்துக்குள்ள. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா எல்லாம் ஒரு ராத்திரி பயணம்.

பணம்? ஃப்ளோ டைவர்ட்டர் சாதனமே பல லட்சம். வீட்டை அடமானம் வைக்கிறதுக்கு முன்னாடி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுங்க. வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரி பட்டியல்ல இருக்குன்னு அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்ட்டர்லயே கேட்டுடுங்க. அட்டை இல்லைன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற திட்ட மையத்துல கேளுங்க. இதுக்கு அலையறதுக்கு வீட்ல உங்களை விட்டா ஆள் கிடையாது.

டாக்டர்கிட்ட கேட்க ஏழு கேள்வி

நோட்டுல எழுதிட்டுப் போங்க. ரூமுக்குள்ள போனா எல்லாம் மறந்துடும்.

1. இது எந்தக் குழாயில, எந்த இடத்துல இருக்கு?
2. சிகிச்சை இல்லாம விட்டா என்ன ஆகும்?
3. கிளிப், பைபாஸ், காயில், ஃப்ளோ டைவர்ட்டர்... எங்க கேஸுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன்?
4. சிகிச்சையால பக்கவாதமோ உயிராபத்தோ வர வாய்ப்பு எவ்வளவு?
5. இந்த மாதிரி கேஸ் இங்கே எத்தனை பண்ணியிருக்கீங்க?
6. இமை, பார்வை திரும்ப சரியாகுமா? எவ்வளவு நாள் ஆகும்?
7. அப்புறம் எப்பெப்போ ஸ்கேன்? என்ன மாத்திரை, எத்தனை மாசம்?

அஞ்சாவது கேள்வி கேட்க சங்கடமா இருக்கும். கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். ஏழாவதை லேசா எடுத்துக்காதீங்க. ஃப்ளோ டைவர்ட்டர் வெச்சவங்க ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை மாசக்கணக்குல சாப்பிடணும். “நல்லாயிடுச்சே, எதுக்கு மாத்திரை”ன்னு நடுவுல நிறுத்தினா வலைக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வரலாம். தெரு முனை மெடிக்கல்ல ஸ்டாக் இல்லைங்கிறது நிறுத்துறதுக்குக் காரணமே இல்லை.

அம்மாகிட்ட சொல்லலாமா?

நம்ம வீடுகள்ல பழக்கம் என்ன? அப்பாவும் மாமாவும் சேர்ந்து ரிப்போர்ட்டை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, “கண்ணுல பூச்சி, அவ்வளவுதான்”னு சொல்லிடுவாங்க. பாசத்துலதான் பண்றாங்க. ஆனா தலை அம்மாவோடது. விஷயம் தெரியாதவங்க பி.பி. மாத்திரையை ஒழுங்கா போட மாட்டாங்க. திடீர்னு தலை வலிச்சா “உங்களை எதுக்கு தொந்தரவு பண்றது”ன்னு தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துடுவாங்க. ஆபரேஷனா, காத்திருக்கிறதான்னு முடிவு பண்றதுல முதல் ஓட்டு அவங்களுக்குத்தான். வெடிக்கும், சாவுன்னு ஆரம்பிக்காதீங்க. “ரத்தக்குழாய்ல ஒரு வீக்கம் இருக்கும்மா, அதுதான் கண்ணு நரம்பை அழுத்துது. சரி பண்ண வழி இருக்கு. பெரிய டாக்டர்கிட்ட போறோம், நீயும் கேளு”ன்னு சொல்லிப் பாருங்க. அம்மாக்கள் நாம நினைக்கிறதைவிட தைரியசாலிங்க.

மறைக்கக்கூடாத இன்னொரு தலைவலி

செமஸ்டர் டென்ஷன்ல வர்ற தலைவலி, ராத்திரி பூரா போன் பார்த்து வர்றது, ஒத்தைத் தலைவலி... இதுக்கெல்லாம் அனியூரிசம்னு பயந்து ஸ்கேன் எடுக்க ஓட வேணாம். ஆனா ஒரு வலி வேற. இடி விழுந்த மாதிரி, சில நொடியில உச்சத்துக்குப் போற, ‘வாழ்க்கையில இப்படி ஒரு வலி பார்த்ததே இல்லை’ன்னு சொல்ல வைக்கிற தலைவலி. கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம். அது குமிழ் கசிஞ்சதோட அறிகுறியா இருக்கலாம்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ல நடிச்ச எமிலியா கிளார்க்குக்கு 2011-ல, 24 வயசுல, ஜிம்ல எக்சர்சைஸ் பண்ணும்போது இதுதான் நடந்துச்சு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, காயில் போட்டாங்க. இன்னொரு குமிழுக்கு 2013-ல தலையைத் திறந்தே ஆபரேஷன். அதுக்கு அப்புறமும் நடிச்சுட்டுத்தான் இருக்காங்க. ஜோ பைடனுக்கு 1988-ல வெடிச்சுது, அந்த வருஷமே இன்னொரு குமிழுக்கும் ஆபரேஷன். 2021-ல அமெரிக்க ஜனாதிபதி ஆனார். எல்லாருக்கும் இப்படி முடியும்னு அர்த்தம் இல்லை. நேரத்துக்குப் போனா வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம்.

ஹாஸ்டல் ரூம்லயோ வீட்லயோ யாராவது அப்படி தலையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தா, சோடா வாங்கிக் கொடுத்துத் தூங்க வைக்காதீங்க. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை கொடுக்காதீங்க. 108-க்கு போன் பண்ணி, சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வலி ஆரம்பிச்ச சரியான நேரத்தைக் குறிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்த சி.டி.யில ரத்தக்கசிவு கிட்டத்தட்ட தப்பவே தப்பாது. நேரம் ஆக ஆக கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஒருமுறை கசிஞ்ச குமிழ் மறுபடி வெடிக்கிற ஆபத்து முதல் 24 மணி நேரத்துலதான் உச்சம்.

கடைசியா ரெண்டு விஷயம். அனியூரிசம் வளர்றதுக்கும் வெடிக்கிறதுக்கும் நம்ம கையில இருக்கிற காரணங்கள்ல முக்கியமானது ரெண்டு: கட்டுப்படாத பி.பி., புகை. அப்பாவோட பீடிக்கும் சொல்றேன், கேன்டீன் பின்னாடி நிக்கிற உங்க சிகரெட்டுக்கும் சொல்றேன். ரெண்டாவது, அப்பா, அம்மா, அண்ணன், தங்கைன்னு நெருங்கின சொந்தத்துல ரெண்டு பேருக்கு அனியூரிசம் இருந்தா, மத்தவங்களும் ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறது பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க.

உங்க கேள்விகளை வழக்கம்போல எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம்: மெஸ் சாப்பாடும் வயித்தெரிச்சலும்!